வடக்கு வோஷ் காப்பரண் பராமரிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பிரான்ஸ்–ஜெர்மனி எல்லையை ஒட்டிய வடக்கு வோஷ் மலைக்காட்டில், லெம்பாக் அருகே நம் சங்கம் பராமரித்துவரும், ஜெர்மனியின் படையெடுப்பைத் தடுக்க பிரான்ஸ் 1930களில் கட்டிய மாஜினோ அரண்வரிசையின் காப்பரணில் கடந்த ஓராண்டில் நடந்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே கழிந்தது. துப்பாக்கித் துளைகளுக்கு நேர்கீழே உள்ள அகழி, எதிரியை அண்டவிடாமல் தடுப்பதற்கும், குண்டடியில் பெயரும் காங்கிரீட் துண்டுகள் அத்துளைகளை அடைக்காமல் கீழே விழுவதற்கும் அமைக்கப்பட்டது. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கூடுகளும் குழாய் வழியே அதில்தான் வந்து விழும். இப்போது விழுவது பீச் மரச் சருகு மட்டுமே. முழங்கால் அளவு சேர்ந்த சருகு மக்கிச் சேறாகி வடிகாலை அடைத்ததால், மழைநீர் உயர்ந்து எந்திரத் துப்பாக்கி அறையின் தரைவரை வந்துவிட்டது. சேற்றை வாளி வாளியாக அள்ளிய பின், கையை விட்டுத் துழாவியபோதுதான் வடிகால் வாயின் இரும்புச் சல்லடை துருவேறிப் பொடிந்திருப்பது தெரிந்தது. புதிய சல்லடை பொருத்தியாயிற்று. அருகிலுள்ள ஃப்ளெக்கென்ஸ்டைன் கோட்டை, 12ஆம் நூற்றாண்டில் இதே செம்மணற்பாறையைக் குடைந்து எழுப்பப்பட்டு, இடிபாடாகவேனும் இன்றும் நிற்கிறது. 1930களின் காங்கிரீட்டோ உள்கம்பி துருப்பிடித்து உப்பி, விரல் பட்டாலே பொரிந்து உதிர்கிறது.

வௌவால்களின் குளிர்காலத் துயிலைக் கருதி நவம்பர் முதல் மார்ச் முடிய உட்புறப் பணி நிறுத்தப்பட்டது. ஈரத்தைத் தடுக்க வாயிலை முழுவதும் அடைத்துவிடலாம் என்று சிலர் வற்புறுத்தினர். 1998 முதல் இம்மலைக்காடும் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியிலுள்ள ஃபால்ஸ் காடும் சேர்ந்து யுனெஸ்கோவின் எல்லை கடந்த உயிர்க்கோளக் காப்பகமாக இருப்பதை நினைவூட்டி, வௌவால் பறந்து வரும்படி கிடைமட்டக் கம்பிகள் கொண்ட கதவையே செயற்குழு தேர்ந்தது. ஈரம் சற்றுக் கூடினாலும் இதுவே சரி என்பது என் கருத்து.

உறுப்பினர்கள் ஒருமுறை இதே அரண்வரிசையைச் சேர்ந்த ஷோனென்பூர் கோட்டைக்குச் சென்றுவந்தனர். கடும் குண்டுவீச்சைத் தாங்கிய அக்கோட்டை, போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்த பின், 1940 ஜூலை 1 அன்றுதான் ஜெர்மானியரிடம் கையளிக்கப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

கூரைமேல் முளைத்த பீச் மரத்தின் வேர், எஃகுக் குவிமாடத்தின் விளிம்பு வெடிப்பில் இறங்கியுள்ளது. அதை வெட்ட அனுமதி கோரி அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதிலில்லை. மீண்டும் எழுதுவதா, நேரில் செல்வதா என்பதைப் பொதுக்குழு இன்றே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்