மகளுக்கு: கனடா பி.ஆரை எழுதிக் கொடுப்பதற்கு முன்

பாளையங்கோட்டை
மார்ச், 2026

அன்புள்ள மகளுக்கு,

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆர். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பாரத்தை நீ நிரப்பி வைத்திருப்பதாக அண்ணன் நேற்று போனில் சொன்னான். யாரோ ஒரு ஏஜென்ட், "கார்டு காலாவதியாகிவிட்டது, கனடாவில் இருந்த நாளும் குறைவு, இனி பி.ஆர். கிடையாது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் விசிட்டர் விசாவில் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றாராம். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, அப்புறம் உன் இஷ்டம். படித்து முடிக்கும்வரை அந்தப் பாரத்தில் கையெழுத்து மட்டும் போடாதே.

கார்டு காலாவதியானால் பி.ஆர். போய்விடாது. விமானத்தில் ஏறும்போது காட்டுகிற சான்றுதான் கார்டு. உரிமை தனி. மாப்பிள்ளை அனுப்பிய சட்டப் பிரதியைப் படித்தேன், அவர் அங்கே பார்த்த வக்கீல் சொன்னதையும் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். உன் மாதிரி கனடாவுக்கு வெளியே இருப்பவர் விஷயத்தில், ஓர் அதிகாரி பார்த்து "நாள் போதவில்லை" என்று முடிவு சொல்லி, அதற்கு மேலே நீ முறையிட்டு அதிலும் தோற்ற பிறகோ, முறையிடாமல் கெடு தாண்டிய பிறகோதான் பி.ஆர். போகும். இல்லாவிட்டால் நீயாக எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றுவரை எந்த அதிகாரியும் உன் ஃபைலைப் பார்க்கவே இல்லை. நீ இன்னும் பி.ஆர்.தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் பி.ஆர். போய்விடும் என்று அண்ணன் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறான். அது அமெரிக்க கிரீன் கார்டுக்கான கணக்கு. அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது, திரும்பி வருகிறவர்களுக்கென்று தூதரகத்தில் தனி விசா கேட்க வேண்டும். கனடாவில் பழகிய சிலர், 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பார்கள். அது பழைய சட்டம், 2002 ஜூனிலேயே மாறிவிட்டது. இப்போது கனடாவில் 5 வருஷத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்த 5 வருஷத்தை உன் விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைக்கிற தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள்.

உன் கணக்கைப் பார். 2019 நவம்பரில் போய் இறங்கினீர்கள். 2020 பிப்ரவரியில் அப்பாவுக்காக ஓடி வந்தாய். அப்பா காரியம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. 2021 செப்டம்பர் கடைசியில் இந்தியாவிலிருந்து நேர் விமானத்தைத் திறந்துவிட்டதும் திரும்பிப் போனாய். 2022 டிசம்பரில் லீவுக்கு இங்கே வந்தாய், அடுத்த மாதம் பொங்கலிலேயே வியாதியில் விழுந்தாய். ஆக, பின்னோக்கி 5 வருஷத்தில் உனக்கு இருப்பது ஒன்றேகால் வருஷம் சொச்சம். 730க்குக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனி. அந்த ஒன்றேகால் வருஷம் முழுவதும் இன்றைக்கு இன்னும் கணக்குக்குள் இருக்கிறது. இந்த வருஷம் செப்டம்பர் தாண்டிவிட்டால், நீ தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அதிலிருந்து ஒரு நாள் உதிரும். நான் அவசரப்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

நாள் குறைந்தவர்களுக்கு, 730 நாளைச் சொல்கிற அதே கனடா குடிவரவுச் சட்டத்தில், அதே 28ஆம் பிரிவில், இன்னொரு வழியும் இருக்கிறது. மனிதாபிமானக் காரணங்கள் இருந்தால், அதிலும் பாதிக்கப்படுகிற ஒரு குழந்தையின் நலனைக் கருதி, அதிகாரி பி.ஆரை நீடிக்கவிடலாம். அப்படி அவர் முடிவு செய்தால் அதுவரையிலான நாள் குறைபாடு நீங்கிவிடும். பி.ஆர். பயண ஆவணம் கேட்கும் விண்ணப்பத்திலேயே இந்தக் காரணங்களைச் சொல்லலாம். கார்டு இல்லாமல் விமானம் ஏற உனக்கு வேண்டியதும் அந்தப் பயண ஆவணம்தான். அவர்கள் பார்ப்பது இவை: எத்தனை நாள் குறைவு, ஏன் கிளம்பினாய், ஏன் திரும்ப முடியவில்லை, முடிந்தவுடன் திரும்பப் பார்த்தாயா, அங்கே உனக்கு என்ன வேர் இருக்கிறது, பி.ஆர். போனால் யாருக்கு என்ன கஷ்டம்.

மாப்பிள்ளை குடியுரிமை வாங்கிவிட்டாரே, அது உதவாதா என்று கேட்டிருந்தாய். குடிமகனான கணவரோடு கனடாவுக்கு வெளியே சேர்ந்து இருந்த நாட்கள்தான் சேரும். அவர் அங்கே, நீ இங்கே. அவர் லீவில் வந்து உன்னோடு இருந்த சில வாரங்களைக் கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பி இருக்க முடியாது.

இனி உன் வியாதிக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் சம்மரியை டாக்டர்கள் அடுத்த டாக்டருக்காக எழுதுகிறார்கள். ஒரு குடிவரவு அதிகாரி படிப்பார் என்று நினைத்து யாரும் எழுதுவதில்லை. உன்னுடைய முதல் சம்மரியின் கடைசி வரியில் "நிலைமை சீராக உள்ளது, வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்" என்று இருக்கிறது. ரத்த அழுத்தமும் மூச்சும் அன்றைக்குச் சீராக இருந்தன, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அன்றைக்கு உன்னால் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாது, தொண்டையில் குழாய் போட்ட காயம் ஆறியிருக்கவில்லை. ஆனால் ஒட்டாவாவிலோ வேறு எங்கேயோ உட்கார்ந்து படிப்பவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் 2023 வசந்த காலத்திலேயே குணமாகிவிட்டாள், அப்புறம் ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்.

அதனால் வெறும் சம்மரிகளை அடுக்கிக் கொடுத்தால் போதாது. நரம்பியல் டாக்டரிடம் தனியாக ஒரு கடிதம் வாங்க வேண்டும். "என் சிகிச்சையில் இருந்தார்" என்கிற ஒற்றை வரிச் சான்றிதழ் எதற்கும் ஆகாது. அவர் எழுத வேண்டியதைச் சொல்கிறேன். பொங்கல் வாரத்தில் வயிற்றுப்போக்கு, பிறகு கால் மரத்தது, சில நாளில் மூச்சுத் தசையே செயலிழந்து வெண்டிலேட்டர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற கில்லன்-பாரே நோய் என்று நரம்புக் கடத்தல் சோதனையிலும் முதுகுத் தண்டு நீரிலும் உறுதியானது. முக்கியமாக, அது ஆக்சான், அதாவது நரம்பிழை, கெடுகிற வகை. நரம்பின் மேலுறை மட்டும் கெட்டவர்கள் சில மாதத்தில் எழுந்து நடந்துவிடுகிறார்கள். நரம்பிழையே கெட்டால் அது மறுபடி வளர வேண்டும், அதுவும் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். இடுப்பிலிருந்து பாதம்வரை கணக்குப் போட்டால் உனக்கு ஏன் இத்தனை வருஷம் ஆனது என்று யாருக்கும் புரியும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தனியாகப் பயணம் செய்ய முடியாது, ஏன் முடியாது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்தது எதுவரை இருந்தது, எப்போதிலிருந்து நீ பயணத்துக்குத் தகுதி, இனி என்ன சிகிச்சை பாக்கி: இதையெல்லாம் தேதியோடு எழுதச் சொல்.

கூடவே பிசியோதெரபி வருகைச் சீட்டு, சக்கர நாற்காலி வாடகை ரசீது, பாதத்தைத் தாங்குகிற ஸ்பிளிண்டுக்கான பில், ராத்திரி நர்ஸுக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, எல்லாவற்றையும் வருஷவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். டாக்டர் சொல்வது உண்மை என்று இந்தச் சின்னக் காகிதங்கள்தான் மாதாமாதம் சாட்சி சொல்லும். எந்த மாதத்துக்கும் இடைவெளி இல்லை.

"கனடாவில் இலவச மருத்துவம் இருக்கும்போது ஏன் இங்கே?" என்று கட்டாயம் கேட்பார்கள். இருப்பதைச் சொல். லீவுக்கு வந்த இடத்தில் விழுந்தாய், வெண்டிலேட்டரில் இருந்தவளை எங்கும் நகர்த்த முடியாது. நீங்கள் இருந்த ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு 12 மாதத்தில் 153 நாள் அங்கே இருக்க வேண்டும், நீ படுக்கையில் இருக்கும்போதே அந்தத் தகுதி போய்விட்டது. மாப்பிள்ளை வேலைக்குப் போனால் மிஸ்ஸிசாகா வீட்டில் உன்னைத் திருப்பிப் படுக்க வைக்க யாருமில்லை. இங்கே நான் இருந்தேன்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பேரன் அப்பாவோடு போனான். அப்போது உன் கார்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. நீ ஏன் கூடப் போகவில்லை? அன்றைக்கு உன்னால் ஒரு படிகூட ஏற முடியாது, டாக்டரும் பறக்க வேண்டாம் என்றார். இதற்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது. ஆனால் போன வருஷம் நடுவிலிருந்து நீ ஊன்றுகோலோடு தனியாக நடக்கிறாய். அந்த மாதங்களுக்கு என்ன பதில்? கார்டு காலாவதியானதும் எல்லாம் முடிந்தது என்று நாலு பேர் சொன்னதை நம்பிவிட்டாய், அதுதான் உண்மை. அதையே எழுது. அந்த மாதங்களுக்கு வேறு வியாதி எதையும் சேர்க்காதே, எந்தத் தேதியையும் நகர்த்தாதே. தவறான தகவல் கொடுத்தார் என்று முடிவு செய்தால் 5 வருஷம் உள்ளே நுழையவே முடியாது. உனக்கு நடந்ததே போதுமான காரணம். அதற்குப் பொய்யின் துணை வேண்டாம்.

பேரனைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுது. அவன் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டாம் வருஷம் ஓடுகிறது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்க மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா இல்லாமல் அவன் எப்படி இருக்கிறான் என்பதை அவன் டீச்சர் எழுதினால், நாம் எழுதுவதைவிட எடை கூடும்.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு விசிட்டர் விசா கேட்கலாம். மாப்பிள்ளை உன்னை மனைவியாக ஸ்பான்சர் செய்து புதிதாகவும் கூப்பிடலாம். வைத்தியச் செலவு அதிகமாகும் என்று காரணம் காட்டி மனைவியை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஆனால் அது கடைசி வழி. கையில் இருக்கும் உரிமையை விட்டுவிட்டு, அதே உரிமைக்காக வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். விண்ணப்பித்து, மறுத்துவிட்டால்கூட 60 நாளுக்குள் அங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அது முடியும்வரை நீ பி.ஆர்.தான். அவர்கள் புதிய ஆதாரங்களையும் கேட்பார்கள். கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. கேட்காமலே விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் யாரிடம் ஆலோசனை கேட்டாலும் கனடாவில் உரிமம் பெற்ற வக்கீலா, உரிமம் பெற்ற ஆலோசகரா என்று பார்த்துவிட்டுக் கேள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபப்படாதே. நிஜமாகவே உன்னைத் தடுப்பது சட்டமா? பனியில் ஸ்பிளிண்ட் போட்ட காலோடு எப்படி நடப்பேன், பழைய மாதிரி வேலைக்குப் போக முடியுமா, அவருக்குப் பாரமாகிவிடுவேனா என்று நீ ராத்திரியில் யோசிப்பது எனக்குத் தெரியும். அது நியாயமான பயம். அதை மாப்பிள்ளையிடம் வாய் திறந்து பேசு. யோசித்த பிறகு, இங்கேதான் இருப்பேன் என்று நீ சொன்னால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். என் மகள் பக்கத்தில் இருப்பது எனக்கு வேண்டாமா? ஆனால் அது உன் விருப்பமாக இருக்க வேண்டும். நாள் போதவில்லை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதால் உன் பிள்ளையின் ஊர் உனக்கு இல்லாமல் போகக் கூடாது. காப்பீட்டைப் பற்றிய கவலையும் வேண்டாம், ஒன்டாரியோவில் முன்பிருந்த 3 மாதக் காத்திருப்பை 2020லேயே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன், ஃபைல்கள் எல்லாம் என்னோடு வரும். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வை, அண்ணனையும் லீவு போடச் சொல். மாப்பிள்ளையிடம் இரண்டு பேர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுண்ட் விவரம், நீ வேலை பார்த்த இடத்துக் கடிதம், வருமான வரி தாக்கல் செய்த நகல்கள், இவற்றை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல். உன் பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டிலும் எல்லாப் பக்கமும் நகல் எடுக்க வேண்டும், தேடி எடுத்து வை. உனக்கு என்ன நடந்தது என்பதை நீயே உன் வார்த்தையில், ஆரம்பத்திலிருந்து, எழுதத் தொடங்கு. கை வலித்தால் நிறுத்திவிடு. மீதியை நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா