வாலை நறுக்கினால் போதுமா?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. கேட்டால் நானும் உன் கணக்கை எடுப்பேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் உன் மகள். போன வாரம் போன் செய்து, "மாமா, காலராக் கிருமியின் வாலை நறுக்கிவிட்டால் நோய் வராதுதானே?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது என்று வைத்துவிட்டாள். நீ படித்த காலத்தில் இப்படி ஒரு கேள்வி கேட்டதுண்டா? நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே தூங்கியவன் நீ. எப்படியோ அறிவு அம்மா வழியில் வந்திருக்கிறது, நல்லது.

சட்டென்று பதில் சொன்னால் 'ஆமாம், வராது' என்றுதான் சொல்லத் தோன்றும். காலராக் கிருமி சேர்ந்த விப்ரியோ இனத்துக்கு, வால் மாதிரி நீண்டு சுழலும் கசையிழைதான் உயிர். அதன் மோட்டார் சோடியம் அயனிகள் உள்ளே பாயும் விசையில் சுழல்கிறது. நொடிக்கு 1,700 சுற்று வரை அளந்திருக்கிறார்கள். ஆனால் வேகத்தை விட, எங்கே போவது என்று தெரிந்து போவதுதான் அதன் சாமர்த்தியம். மீன்களைத் தாக்கும் விப்ரியோ ஆங்குயிலாரத்தை வைத்து 1996-இல் ஒரு ஆய்வு வந்தது. நகர முடியாத பாக்டீரியாவை மீன் இருக்கும் நீரில் விட்டால் நோய் அவ்வளவாக வரவில்லை. நீந்தத் தெரிந்தும் வேதிப்பொருளின் வாடை பிடித்துத் திரும்பத் தெரியாததும் அப்படியே தோற்றது. அதே பாக்டீரியாவை ஊசியால் மீனின் உடலுக்குள் செலுத்தினால்? வழக்கம்போல் கொன்றது. அதாவது மீனைத் தேடி வந்து உள்ளே நுழையும் வரைக்கும்தான் வால் அவசியம்.

இதைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

அதே இனத்து இன்னொரு கிருமி, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், நினைவிருக்கிறதா? தண்ணீரில் நீந்தும்போது அதற்கு முனையில் ஒரே வால். கெட்டியான திரவத்திலோ ஒரு பரப்பின் மீதோ அகப்பட்டு அந்த வால் சுழலத் திணறினால், பக்கவாட்டில் எங்கும் புதிய இழைகள் முளைக்கின்றன. இவை ஹைட்ரஜன் அயனியில் ஓடுபவை. பரப்பின் மேல் கூட்டமாக ஊர்ந்து பரவ அவைதான் உதவுகின்றன. வால் சுழலும் விதத்தை வைத்தே, தான் நீரில் இருக்கிறதா பரப்பைத் தொட்டுவிட்டதா என்று அது தெரிந்துகொள்கிறது. இப்போது கேள்: பெனமில் என்ற பொருள் சோடியம் மோட்டாரை நிறுத்தும். இதன் நெருங்கிய உறவான விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸுக்கு அதைக் கொடுத்தால் வால் நின்றது, சரி. ஆனால் நீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே பக்க இழைகள் முளைக்கத் தொடங்கிவிட்டன! நாம் முடக்கியதாக நினைக்கிறோம், அது கரை சேர்ந்துவிட்டதாக நினைக்கிறது.

காலராவில் கதை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. குடலின் கோழைப் படலத்தைத் துளைத்துப் போகும்போது அதன் வால் ஒடிந்துபோகிறது என்று 2008-இல் ஒரு குழு காட்டியது. ஒடிந்த இடம் வழியாக எஃப்எல்ஜிஎம் என்ற புரதம் வெளியே கசிகிறது. அது உள்ளே இருந்தவரை அடங்கிக் கிடந்த ஒரு சங்கிலி அவிழ்ந்து, கடைசியில் நோய் உண்டாக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. வால் போனதே வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி. ஆகவே உன் மகளிடம் சொல்: வாலை நறுக்கலாம், ஆனால் குடலை அடையும் முன்பா, அடைந்த பிறகா, எந்த இடத்தில் நறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் உடல் சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வாலின் ஃப்ளாஜெலின் புரதத்தை டிஎல்ஆர்5 என்ற ஏற்பி மோப்பம் பிடித்து அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. நச்சு மரபணுவை நீக்கிய ஆரம்பகாலக் காலரா தடுப்பு மருந்துகளை விழுங்கிய தன்னார்வலர்கள் சிலருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. அதில் வாலுக்கும் பங்கு உண்டு என்ற சந்தேகம் வலுவானது. அதனால்தான் பிறகு நகரவே முடியாத வகை ஒன்றையும் உருவாக்கிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக ஆராய்ச்சிக்கூடத்தில் படுத்துக் கிருமியை விழுங்கியவர்களை நினைத்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை, சேகர்.

சரி, அப்புறம் நம் கல்லூரி நண்பன் 'சித்தப்பா'. மீன் தொட்டிகளில் மறுபடி சாவு விழுகிறது என்று புலம்பி எழுதியிருந்தான். உடனே ஆன்டிபயாடிக்கைக் கொட்டலாமா என்பதுதான் அவன் கேள்வி. எதைக் கேட்டாலும் அவனுக்கு அதே மருந்துதான், கல்லூரியிலிருந்து மாறவில்லை. இது என் யோசனை மட்டுமே, ஆனால் ஊசி போட்ட அந்த மீனை நினைத்துப் பார். தோல் கிழிந்திருந்தால் கிருமிக்கு வால் எதற்கு? நெருக்கி அடைத்து, முரட்டு வலையால் அள்ளினால், நாமே ஊசி போட்ட மாதிரிதான். செத்த மீனை முதலில் பரிசோதனைக்கு அனுப்பட்டும். நான் சொன்னால் ஜென்மத்துக்கும் கேட்கமாட்டான். உன்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. மருந்து வாங்குவதற்கு முன் வலையை மாற்றச் சொல்.

அன்புடன்,
ரகு