நைனா சாப்பாடு விஷயமாக

அன்புள்ள சேகர்,

கடுதாசி கிடைச்சுது. இங்க எல்லாரும் சௌக்கியம். குடியாத்தம் பங்காளி விவகாரத்தை அடுத்த தபால்ல திட்டிக்கலாம்.

"நைனாவுக்கு வயசாயிடுச்சு, நாலு வாய்லயே போதும்ங்கறாரு"ன்னு போறபோக்குல எழுதியிருக்கியே, அதுக்குத்தான் இந்த அவசரப் பதில். எலவம்பாடி கத்திரிக்கா குழம்புன்னா மறுசோறு கேட்கிற மனுஷன்டா அவரு!

1993ல அல்சருக்கு அவருக்குப் பாதி வயித்தை எடுத்தாங்க. மிச்சத்தைச் சிறுகுடலோட சேர்த்துத் தைச்சா, பித்தநீர் மேல ஏறி அந்தத் தையல் ஓரத்தை வருஷக்கணக்கா புண்ணாக்கும். 15, 20 வருஷத்துக்கு மேல போனா அங்க புத்துநோய் வர்ற வாய்ப்பு கூடும். எல்லாருக்கும் வராது. ஆனா ஞாபகத்துல இருக்கணும்.

குழப்பம் எங்கன்னா, இந்த ஆபரேஷன் ஆனவங்கள்ல நிறைய பேருக்குச் சில தொந்தரவு எப்பவுமே இருக்கும். சாப்பிட்ட அரை மணிக்குள்ள படபடப்பு, வேர்வை, பேதி. கசப்பா மஞ்சள் வாந்தி. இரும்புச்சத்தும் பி12ம் கொறஞ்சு சோகை. அதனால புதுசா வர்றதையும் பழைய ஆபரேஷன் தலையில கட்டிடுவோம். நீ பார்க்க வேண்டியது மாற்றத்தை. இத்தனை வருஷமா மூணு இட்லி சாப்பிட்டவர் இப்ப ஒண்ணோட நிறுத்தறாரா? 60 கிலோ ஆளு, காரணமே இல்லாம ஆறு மாசத்துல மூணு கிலோ எறங்கினாலே விசாரிக்கணும். முந்தின வேளை சோறு அப்படியே வாந்தியில வருதா? முழுங்கும்போது நெஞ்சுல அடைக்குதா? இரும்பு மாத்திரை ஒழுங்கா போட்டும் ஹீமோகுளோபின் எறங்குதா? மலம் கறுப்பா போகுதான்னு கூச்சப்படாம கேளு. இரும்பு மாத்திரையாலயும் கறுக்கும். ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு, வழக்கத்துல இல்லாத நாத்தத்தோட போனா உள்ள ரத்தம் கசியுது. அதோட தலைசுத்தலோ ரத்த வாந்தியோ சேர்ந்தா விடியட்டும்னு காத்திருக்காதே, ராத்திரியே கூட்டிட்டுப் போ.

மெடிக்கல்ல நீயா பான்டோபிரசோல்னு அமிலம் கொறைக்கிற மாத்திரை வாங்கித் தர்றதை நிறுத்து. வலி அடங்கும், புத்து இருந்தா அதையும் சேர்த்து மறைச்சிடலாம். வயித்து ஸ்கேன் மட்டும் எடுத்துட்டுத் திருப்திப்படாதே, வாய் வழியா குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபிதான் வேணும். பாதி வயிறு எடுத்தது ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நீயா நினைச்சுக்காம, தேதி வாங்கும்போதே சொல்லிடு. மிச்ச வயித்துல சாப்பாடு தங்கிடும். முந்தின நாள் கஞ்சித்தண்ணி மட்டும் போதுமா, எத்தனை மணி நேரம் பட்டினின்னு அவங்களையே கேளு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லு. தையல் ஓரத்துல துளி சதை எடுத்து, புத்து இருக்கான்னு பார்க்கிற பயாப்சி சோதனைக்கு அனுப்புவாங்களான்னு கேட்டுக்கோ. கண்ணுக்குச் சாதாரணமா தெரியற இடத்துலயும் ஆரம்பக் கட்டம் இருக்கலாம்.

வங்காளத்துக்காரன் ரெண்டு நாள் ரயிலேறி காட்பாடியில வந்து எறங்கறான், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு. நீ ஆற்காட்டுல உக்காந்துக்கிட்டு வேலூர் பஸ் ஏற சோம்பல்படற!

டிரங்குப் பொட்டியில 93ம் வருஷத்து டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கான்னு தேடு. எப்படித் தைச்சாங்கன்னு அதுல இருக்கும். எடையும் பார்த்துட்டு இந்த வாரமே எழுது.

உன்,
மணி