இறுகின பெட்ஃபோர்ட் எஞ்சினைப் பற்றி மகளுக்கு

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

நீ வாங்கின பழைய லொறியின் படங்களைப் பார்த்தோம். பெட்ஃபோர்ட் பெற்றோல் எஞ்சின்தான், 214 கன அங்குலம், 6 சிலிண்டர். நிறுத்தி வைத்த இடத்திலேயே துருப்பிடித்து, சுற்றாமல் இறுகியிருந்தால் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். தண்ணியோ ஒயிலோ இல்லாமல் ஓட்டத்திலேயே பிடித்த எஞ்சின் என்றால் ஊறவைத்துப் பயனில்லை, கழற்றத்தான் வேண்டும். எது என்று விற்றவரிடம் கேள்.

நீ இருக்கும் பண்டாரவளையில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. "தள்ளிவிட்டு கியரைப் போட்டா சுத்திரும்" என்று நாலு பேர் வருவார்கள். விடாதே. லொறியின் முழுப் பாரமும் பிஸ்டனைச் சுற்றியுள்ள துருப்பிடித்த ரிங்கில் போய் விழும். ரிங் உடையும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். ஸ்டார்ட்டரை அடித்து அடித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

இறுகினது எஞ்சின்தானா என்று முதலில் பார். நியூட்ரலில் போட்டு, பேன் பெல்ட்டைக் கழற்றி, ஸ்டார்ட்டர் மோட்டாரையும் இறக்கிவிடு. அதன் பினியன் (முனையிலுள்ள சிறு பல்சக்கரம்) பிளைவீல் (எஞ்சினின் பின்னாலுள்ள பெரிய சக்கரம்) பல்லில் மாட்டியிருந்தாலும் எஞ்சின் அசையாது.

அடுத்து சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்து. தண்ணி அடியில் நிற்பதால் அதுதான் முதலில் வரும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கட்டில் (எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடு) சந்தேகம் வை.

பிளக் ஆறையும் கழற்றி டோர்ச் அடித்துப் பார். நின்ற எஞ்சினில் ஒன்றிரண்டு வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். மழைக்காலத்து ஈரம் சைலன்சர் வழியாக ஏறி அந்தச் சிலிண்டர்களில்தான் துருவாக்கும். அதனால் ஆறும் இறுகியிருப்பது அபூர்வம்.

ஊறவைக்கும் மருந்து ஏடிஎப் ஒயிலும் (ஓட்டோ கியர்பொக்ஸுக்கு விடும் ஒயில்) அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு தடவையும் போத்தலைக் குலுக்கு. சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டி, சிலிண்டருக்கு 50 மில்லி விடு, மொத்தம் 300. பிளக்குகளைக் கையாலேயே லேசாக மாட்டி மூடு. அசிட்டோன் சட்டென்று பற்றும். பீடி, அடுப்பு, பற்றரி வயர் எதுவும் கிட்ட வேண்டாம். உன் வாசல் சரிவு, லொறியை மட்டமாக நிறுத்தாவிட்டால் மருந்து பிஸ்டனின் ஒரு பக்கத்திலேயே தேங்கும். தினமும் அளவு பார்த்து ஊற்று, ஒரு வாரம். சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாதே, திறந்த வால்வு வழியாகவும் போயிருக்கலாம்.

திருப்புமுன் ரொக்கர் கவரை (எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடும் மூடி) திற. வால்வு ஸ்டெம்மை (வால்வின் தண்டு) ரப்பர் சுத்தியலால் தட்டினால் இறங்கி, ஸ்பிரிங்கில் திரும்பி எழ வேண்டும். இறுகி நிற்பதை அப்படியே விட்டுச் சுற்றினால் வால்வோ, அதைத் தள்ளும் புஷ்ரொட்டோ வளையும்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டில் மாட்டும் நட்டில் 2 அடிக் கம்பி போட்டுத் திருப்பு. பின்பக்கம் திருப்பினால் அந்த நட்டே கழன்று வரும், பின்பக்கம் திருப்புவதற்கு ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாக பிளைவீல் பல்லில் பார் வைத்து நெம்பு. முன்னும் பின்னும் நூலளவு அசைந்தால் போதும், அன்றைக்கு அத்தோடு நிறுத்தி இன்னும் மருந்து விடு.

இரண்டு வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்று. பிஸ்டன்கள் 1-6, 2-5, 3-4 என்று சோடியாக ஏறி இறங்கும். உச்சியிலோ அடியிலோ நிற்கும் சோடியில் அடித்தால் பெயரிங்குக்குத்தான் கேடு. நடுவில் நிற்பதன்மேல் கொய்யாக் கட்டை வைத்துத் தட்டு.

சுற்ற ஆரம்பித்ததும் பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடி, மெதுவாகச் சுற்றி மருந்தை வெளியேற்று. மிச்சம் சம்ப்பில் சேர்ந்து ஒயிலை நீர்த்துப்போக வைக்கும், ஒயிலும் பில்டரும் புதிது போடு. ஸ்டார்ட்டரை மறுபடி மாட்டி, பிளக் இல்லாமலே அதனால் சுற்றி ஒயில் பிரஷர் ஏறினதைப் பார்த்த பிறகுதான் பெற்றோல். பழைய டேங்க் பெற்றோலை ஒரு சொட்டும் விடாதே, கார்புரேட்டரைக் கழுவு. முதலில் வெள்ளைப் புகை வரும், பயப்படாதே. சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒயிலை மறுபடி மாற்று.

இப்போதைக்கு சைலன்சர் வாயை ஒரு டின்னால் மூடி வை. எந்த சிலிண்டரில் மருந்து இறங்கவேயில்லை என்று எழுது.

அப்பா