வானம் விழுந்த ஆல்பமும் வாசகர் கோபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆஸ்டரிக்ஸ் என்ற பிரெஞ்சுக் காமிக்ஸ் வரிசையைப் பற்றி வந்த கட்டுரையையும், அதையொட்டி அடுத்த வாரம் வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். கதாசிரியர் ரெனே கோசினி 1977 நவம்பரில் மறைந்ததோடு அந்த வரிசையின் நகைச்சுவையும் முடிந்துவிட்டது என்றும், அதற்கு 2005இல் வந்த 33ஆவது ஆல்பமே (கதைப் புத்தகமே) சாட்சி என்றும் பெரும்பாலோர் எழுதியிருந்தார்கள். அந்த ஆல்பம் தோல்வி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது ஏன் தோற்றது என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பொருந்தவில்லை என்பதாலும், அந்த ஒன்றைக் காட்டி ஓவியர் ஆல்பெர் உதெர்சோ தனியாக உழைத்த காலம் முழுவதையும் தள்ளிவைப்பது நியாயமல்ல என்பதாலும் இதை எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இன்றைய பிரான்ஸ் ரோமானியர் கையில் இருந்த காலத்தில், பூசாரி காய்ச்சும் மந்திரக் கஷாயத்தின் வலிமையால் அவர்களுக்குப் பணியாமல் நிற்கும் ஒரு கிராமத்தின் வீரன் ஆஸ்டரிக்ஸ்; அவன் நண்பன் ஒபெலிக்ஸ். 'ஆஸ்டரிக்ஸ் அண்ட் த ஃபாலிங் ஸ்கை' என்று ஆங்கிலத்தில் வந்த இந்த ஆல்பத்தில், கிராமத்துக்கு மேலே ஒரு பிரம்மாண்டமான கோளம் வந்து நிற்கிறது. மந்திரக் கஷாயத்தின் வலிமை உடலில் ஏறியவர்களைத் தவிர மற்றவர்கள் எல்லோரும், காட்டுப்பன்றிகள் உட்பட, அசைவற்றுச் சிலையாகிவிடுகிறார்கள். கோளத்திலிருந்து இறங்குபவர் மிக்கி மவுஸை நினைவூட்டும் உருண்டையான ஒரு வேற்றுக்கிரகவாசி. அவருக்குக் காவலாகச் சூப்பர்மேன் உடையில் நகலெடுத்தாற்போன்ற வீரர்கள் வருகிறார்கள். கஷாயத்தைப் பேராயுதம் என்று கேள்விப்பட்டு, அதைக் கைப்பற்ற இன்னொரு கிரகத்திலிருந்து பூச்சி வடிவக் கவசம் அணிந்த எதிரிகளும் வந்து சேர்கிறார்கள். முதல் கிரகத்தின் பெயர் வால்ட் டிஸ்னியின் பெயரெழுத்துகளையும், எதிரிகளின் பெயர் மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) என்ற சொல்லையும் கலைத்துப் போட்டு அமைத்தவை என்பது தெரிந்தவுடன், உதெர்சோவின் மனம் எந்தப் பக்கம் என்பதில் ஐயம் இருக்காது.

வாசகர் கடிதங்களில் அதிகம் வந்த குற்றச்சாட்டு, கி.மு. 50இல் நடக்கும் கதையில் விண்கலம் வரலாமா என்பது. இதை நான் ஏற்கமாட்டேன். ஒரு மிடறு கஷாயம் குடித்து ரோமானியப் படையைப் பந்தாடும் கதையில் நடக்கக்கூடியது எது, நடக்கக்கூடாதது எது என்று கணக்குப் பார்க்க முடியாது. இந்த வரிசையின் சிரிப்பு வேறொரு விதியின்மேல் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் வாழ்க்கை முழுவதும் ரோமானிய உடை உடுத்திக்கொண்டுதான் அங்கே உள்ளே வர வேண்டும். 1971இன் 'மேன்ஷன்ஸ் ஆஃப் த காட்ஸ்' ஆல்பத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. ஆனால் சீசரின் கட்டடக் கலைஞர் அடிமைகளைக் கொண்டு காட்டை அழித்துக் கட்டுவதாக வருகிறது. 1976இன் 'ஒபெலிக்ஸ் அண்ட் கோ'வில் சந்தைப் பொருளாதாரம் வருகிறது. யாருக்கும் பயன்படாத மென்ஹிர் என்னும் பெரிய நெடுங்கற்களுக்கு விலையேற்றிக் கிராமத்தாரையே வியாபாரிகளாக்கி, அவர்களின் ஒற்றுமையைக் கெடுக்க ரோமிலிருந்து ஓர் இளைஞர் வருகிறார். அவருடைய முகம் பிரெஞ்சு அரசியல் தலைவர் ழாக் சிராக்கின் அன்றைய முகம். வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் 'அட, இது நம் காலத்துக் கதையல்லவா' என்று தானே கண்டுபிடித்துச் சிரிக்கிறார். 33ஆவது ஆல்பத்தில் அந்தக் கண்டுபிடிப்புக்கே வேலை இல்லை. நம் காலம் வேடம் போடாமல், விண்கலத்தில் ஏறி நேராக வந்து இறங்கிவிடுகிறது.

இதில் எனக்குள்ள பெரிய வருத்தம் தலைப்பைப் பற்றியது. வானம் இடிந்து தலையில் விழுந்துவிடுமோ என்பது அந்தக் கிராமத் தலைவருக்குள்ள ஒரே பயம். நாளை விழும் என்று அஞ்சுவார். ஆனால் நாளை என்பது ஒருபோதும் வருவதில்லை என்று அவரே தன்னைத் தேற்றிக்கொள்வார். பல ஆல்பங்களில் ஒற்றை வரியாக வந்து போன இந்தப் பயத்தைக் கோசினி ஒரே ஒரு முறை கதையின் நடுவே கொண்டுவந்து வைத்தார். 1972இன் 'த சூத்சேயர்' அது. புயலும் இடியுமான இரவில் ஊரார் அனைவரும் தலைவர் வீட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு போலிக் குறிகாரர் உள்ளே நுழைகிறார். புயல் ஓய்ந்தபின் வெயில் வரும் என்று அவர் சொல்வது அப்படியே பலித்துவிட, ஊர் அவர் காலில் விழுகிறது. பூசாரி கெட்டாஃபிக்ஸ் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நம்பிக்கை எப்படி மூடநம்பிக்கையாகிறது என்பதையும், சந்தேகப்படுகிற ஒரே ஆளான ஆஸ்டரிக்ஸ் எப்படித் தனிமைப்படுகிறான் என்பதையும் அந்த ஆல்பம் காட்டுகிறது. பத்திரிகையைப் பிரித்தவுடன் ராசிபலன் பக்கத்துக்குப் போகும் நம்மில் பலருக்கும் அது உறைக்கும் (தங்கள் நாளிதழும் அந்தப் பக்கத்தை வெளியிடுகிறது என்பதை அறிவேன், மன்னிக்கவும்). அங்கே வானம் விழவில்லை; விழாத வானத்துக்கு மனிதர்கள் பயப்பட்டதுதான் வேடிக்கை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து உதெர்சோ வானத்தை உண்மையிலேயே விழவைத்தபோது அந்தப் பயம் நியாயமாகிவிட்டது, வேடிக்கையும் அதோடு போய்விட்டது.

ஓவியம் கெட்டுவிட்டது என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்போது உதெர்சோவுக்கு 78 வயது; கை தளர்ந்ததால் பென்சில் ஓவியங்களுக்கு மை தீட்டும் வேலையை உதவியாளர் செய்து வந்தார். அப்படியிருந்தும் அசைவற்ற கிராமத்தைக் காட்டும் பக்கங்களில் கட்டமைப்பும் முகபாவமும் குறைபட்டதாகத் தெரியவில்லை.

அவர் ஏன் இப்படி ஒரு கதையை எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவயதில் மிக்கி மவுஸைப் பார்த்து வரையக் கற்ற தலைமுறையைச் சேர்ந்தவர் உதெர்சோ. ஆல்பத்தின் இறுதியில் டிஸ்னியை மாபெரும் பூசாரியாக உருவகித்து, அவருடைய கஷாயக் கொப்பரையில் விழுந்தவர்களில் தானும் ஒருவர் என்ற பொருள்பட நன்றி சொல்லியிருக்கிறார். மறுபுறம், ஜப்பானுக்கு வெளியே மாங்கா மிகுதியாக விற்கும் நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. மூத்த கலைஞர் ஒருவர் தன் இளமைக்கால ஆசானுக்கு வணக்கமும், புதிதாக வந்த போட்டிக்கு எரிச்சலும் ஒருசேரத் தெரிவித்த ஆல்பம் இது. அந்த எரிச்சலில் எனக்கு அனுதாபம் இல்லை. மாங்காவைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் அதே கடையில் ஆஸ்டரிக்ஸையும் வாங்குகிறார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கோசினிக்குப் பின் எல்லாமே வீண் என்ற கருத்துக்கு வருகிறேன். கோசினி எழுதிய கடைசிக் கதையை உதெர்சோ வரைந்து கொண்டிருந்தபோதே கோசினி காலமானார். நண்பருக்கான துக்கமாக, எஞ்சிய பக்கங்களில் வானத்தை மழையும் மேகமுமாக வரைந்து, ஆஸ்டரிக்ஸ் பெல்ஜியத்துக்குப் போகும் அந்த ஆல்பத்தை 1979இல் முடித்தார் உதெர்சோ. அடுத்த ஆண்டு அவர் தனியாக எழுதி வரைந்த 25ஆவது ஆல்பமான 'த கிரேட் டிவைட்', ஒரு கிராமத்தின் நடுவே பள்ளம் வெட்டி இரு தலைவர்கள் ஊரைப் பிரித்துக்கொள்ளும் கதை. பெர்லின் சுவர் நின்றிருந்த காலத்தில் அதைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. மேலே சொன்ன விதி அதில் முழுமையாக இருக்கிறது. அதற்கு மாறாக, ஆஸ்டரிக்ஸ் பறக்கும் கம்பளத்தில் நம் நாட்டுக்கே வந்த 1987ஆம் ஆண்டு ஆல்பத்தில் பக்கிரி, யானை, மகாராஜா, இளவரசி என்று அயலார் கண்ணுக்குத் தெரியும் இந்தியாதான் இருக்கிறது. கோசினியின் பிரிட்டன் ஆல்பத்தில் தேநீரையும் வெதுவெதுப்பான பீரையும் வைத்து ஆங்கிலேயரைச் செல்லமாகக் கிள்ளிய அந்தக் கூர்மை நமக்குக் கிடைக்கவில்லையே என்பது என் குறை. ஆகவே உதெர்சோவின் ஆல்பங்களிலும் ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு.

அந்த விதி புதியவர்கள் கையிலும் வேலை செய்கிறது. 2013 முதல் ஓவியராக இருக்கும் திதியே கோன்ராடும் கதாசிரியர் ழான்-ஈவ் ஃபெர்ரியும் சேர்ந்து 2015இல் கொண்டுவந்த 36ஆவது ஆல்பத்தில், சீசர் எழுதிய போர்க் குறிப்புகளிலிருந்து மறைக்கப்பட்ட ஓர் அத்தியாயம் வெளியே கசிகிறது. அதைக் கொண்டுவரும் செய்தியாளர், அரசு ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சை அடியொற்றி உருவானவர். 2023இன் 40ஆவது ஆல்பத்தைப் புதிய கதாசிரியர் ஃபாப்காரோ எழுதினார். சோர்ந்த படைவீரர்களைத் தேற்ற நேர்மறைச் சிந்தனையைப் போதிக்கும் ரோமானிய மருத்துவர் ஒருவர் வருகிறார். அவர் பேச்சில் மயங்கி, சண்டைக்குப் பேர்போன ஊரே இனிக்க இனிக்கப் பேசத் தொடங்குகிறது. தலைவரின் மனைவி கணவரை விட்டு லுடேசியாவுக்கு (இன்றைய பாரிஸ்) கிளம்பிவிடுகிறார். ஊக்கப் பேச்சாளர்களின் காணொளிகளைத் தினமும் கைபேசியில் பெறும் நம் வாசகர்களுக்கு அந்த மருத்துவர் அந்நியராகத் தோன்றமாட்டார்.

எனவே தங்கள் இணைப்பில் இந்த வரிசையைப் பற்றி மறுபடியும் எழுதும்போது, 1979க்குப் பின் வந்தவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டாமல், 25, 36, 40 ஆகிய ஆல்பங்களைத் தனித்தனியே எடுத்துப் பேசுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். 33ஆவதை, முந்தையவற்றைப் படித்து முடித்தவர்கள் மட்டும் எடுத்தால் போதும். அதையே முதலில் படிக்கும் சிறுவர்கள் இரண்டாவது ஆல்பத்தைக் கையில் எடுக்கமாட்டார்களோ என்பதுதான் என் கவலை.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் காமிக்ஸ் வாசகர்,
மதுரை.