பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ் நிறைய ஆட்களை அதட்டி உட்காரவைத்த மனுஷனுக்கு, ஒண்ணுக்குப் போக முடியவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது. அதனால் இந்த மடலை, அவர் சம்மதத்தோடு நான் எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெரு ஆட்டோ தம்பிக்கு. நடுராத்திரியில், ஒரு சொட்டுகூடப் போகாமல் அடிவயிறு கல்லாக இறுகித் துடித்தவரை, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றுவரை காசு வாங்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சளிக்கு மாத்திரை ஏதும் போட்டீங்களாய்யா?" போட்டிருந்தார். மூக்கடைப்புக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும், ஏற்கெனவே புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் வழியையே அடைத்துவிடும் என்றார். சிறுநீர் வடிய ட்யூப் போட்ட கொஞ்ச நேரத்தில் இவருக்கு உயிர் வந்தது. திரையை இழுத்து மறைத்துவிட்டு, "தினமும் போடுறதுதான், கூச்சப்படாதீங்க பெரியவரே" என்ற ஆண் செவிலியருக்கும் என் கும்பிடு.

சிறுநீரகவியல் டாக்டர் ஐயா தாளில் படமே போட்டுக் காட்டினார். சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிற இந்தப் புராஸ்டேட் சுரப்பி வயதாக ஆகப் பெருத்துக் குழாயை நெரிக்கிறது. இந்த வீக்கம் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அதனால் சோதிக்கத்தான் வேண்டும் என்றார். புராஸ்டேட் புற்று இருக்குமா என்று பார்க்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை உடனே எடுக்கவில்லை. அடைப்பும் ட்யூபும் அந்த அளவை ஏற்றிக் காட்டும், வீணாகப் பயந்துபோவீர்கள் என்று சில வாரம் தள்ளிவைத்தார். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்து ட்யூபை எடுத்துப் பார்த்தார்கள். இவருக்கு அது போதவில்லை, திரும்பவும் அடைத்துக்கொண்டது. பிறகுதான் பெருத்த புராஸ்டேட் சதையை எடுக்கும் டி.யு.ஆர்.பி. அறுவை.

அதற்கு முன்னால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார் பாருங்கள், அதற்குத்தான் பெரிய நன்றி. அறுவைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று பச்சையாகச் சொன்னார். இவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் நான்தான் கேட்டேன். பெண்பிள்ளை இதெல்லாம் கேட்கலாமா என்று அந்த அறையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வயிற்றில் கத்தி படவே இல்லை. முதுகில் ஊசி போட்டு, சிறுநீர்த் துவாரம் வழியாகவே சதையைச் சுரண்டி எடுத்தார்கள். வார்டில் சிறுநீர்ப்பையைக் கழுவ விட்ட உப்புநீர் உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வந்ததைப் பார்த்து நான் அழுதபோது, "நாளைக்கு வெளுத்துரும்க்கா" என்று சொல்லி, ராத்திரி முழுக்கப் பை மாற்றிய நர்ஸ் தங்கைக்கு என்ன கைம்மாறு செய்வேன்! எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்துவிட்டது. காப்பீட்டு அட்டைக்கு அலையவிடாமல் முடித்துக்கொடுத்த அலுவலர் தம்பிக்கும் நன்றி.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தங்கை இன்னொன்றும் சொன்னாள்: கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், டாம்சுலோசின் சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கருவிழி (ஐரிஸ்) தளர்ந்து ஆபரேஷனில் சிரமம் கொடுக்கும் என்று. இவருக்கு வலது கண்ணில் புரை இருக்கிறது. சீட்டை எடுத்து வைத்துவிட்டேன், தங்கச்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநரின் மனைவி,
மதுரை