பயந்தாங்கொள்ளிக் கதாநாயகன்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. கௌரிக்குத்தான் முழங்கால் படுத்துகிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் மொட்டை மாடித் தோட்டம் இப்போது என் தலையில். மாப்பிள்ளைக்கு ஒருவழியாகப் புனேவிலிருந்து மாற்றல் கிடைத்துவிட்டது. பேத்தி இங்கேயே பள்ளிக்கூடம் சேரப்போகிறாள்.

ராத்திரி தூக்கம் வராமல், மருமகள் போட்டுவிடுகிற கொலைகாரத் தொடர்களைப் பார்த்து மேலும் தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருந்தாய். ரத்தம் தெறிக்காத மர்மப் படம் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தாய். உண்டு. 1939-இல் பாரமவுண்ட் எடுத்த ‘தி கேட் அண்ட் த கேனரி’. கதாநாயகன் அந்தக் காலத்து அமெரிக்கக் காமெடி நடிகர் பாப் ஹோப். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். லூசியானா மாநிலத்துச் சதுப்புக் காட்டுக்கு நடுவில் ஒரு பழைய மாளிகை, படகில்தான் போகவேண்டும். சைரஸ் நார்மன் என்ற பணக்காரர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. உயிலைப் படிக்க நடு ராத்திரியில் சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள். சொத்து முழுவதும் ஜாய்ஸ் என்ற பெண்ணுக்கு. ஆனால் முப்பது நாளைக்குள் அவள் செத்தாலோ புத்தி பேதலித்தாலோ இரண்டாவது உறையைப் பிரித்து, அதில் பேர் உள்ளவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வெளியே பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிய ஒருவன் திரிகிறான். வக்கீல் ஜாய்ஸிடம் முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது பின்னாலிருக்கும் சுவர்ப்பலகை திறந்து ஒரு கை அவரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தூங்குகிறவளின் கழுத்து நகைக்காக அதே மாதிரி ஒரு கை நீளுகிறது.

இதெல்லாம் 1939-லேயே பழைய சரக்கு. ஜான் வில்லார்ட் இதை நாடகமாக எழுதியது 1922-இல். ஜெர்மனியிலிருந்து வந்த பால் லெனி 1927-இல் பேசாப் படமாக எடுத்துவிட்டார். அந்தப் படத்தின் நிழல்களும் ஆடும் திரைச்சீலைகளும் எத்தனையோ பேய் பங்களாப் படங்களுக்கு வழிகாட்டின. ஆக, பாப் ஹோப் அந்த வீட்டுக்குள் காலை வைத்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அடுத்து எந்தக் கதவு கிரீச்சிடும் என்பது தெரியும்.

கதையின் பழமையை மறைக்க அவர்கள் முயலவே இல்லை. அதுதான் இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹோப் நடிக்கும் வாலி கேம்பெல் தொழிலாலேயே ஒரு நடிகன். இந்த மாதிரி நாடகங்களில் நடித்துப் பழகியவன். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று அவனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். சொன்னபடி நடக்கவும் நடக்கிறது. தெரிந்திருந்தும் அவனுக்கு உதறல் எடுக்கிறது. நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒருவன் எப்படியோ திரைக்குள் மாட்டிக்கொண்டுவிட்ட மாதிரி இருக்கிறது அவனைப் பார்த்தால். மற்றவர்கள் யாரும் அவனோடு சேர்ந்து கோமாளித்தனம் பண்ணுவதில்லை, ஒரு பெண்மணியைத் தவிர. டைரக்டர் எலியட் நியூஜென்ட் மர்மத்தை மர்மமாகவே எடுத்திருக்கிறார். சார்ல்ஸ் லாங்கின் ஒளிப்பதிவில் இருட்டு நிஜமான இருட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் லூவாக கேல் சாண்டர்கார்ட் வருகிறார். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். ஒரு புன்னகைகூடச் சிந்தாமல் ஆவிகளைப் பற்றிப் பேசுவார். அவர் அப்படி விறைப்பாக நிற்பதால்தான் ஹோப் உளறுவது எடுபடுகிறது. இப்போதைய பேய்க் காமெடிகளில் பேயும் ஜோக் அடிக்கிறது, பேயோட்டுகிறவனும் ஜோக் அடிக்கிறான். அப்புறம் யாருக்கு எதற்குப் பயம்?

அந்த ஒரு பெண்மணி வாலியைக் கேட்கிறாள்: இவ்வளவு பெரிய, ஆளில்லாத இடத்தில் உனக்குப் பயமாக இல்லையா? “எனக்கென்ன பயம், நான் வாடவில்லில் இருந்தவன்” என்கிறான். வாடவில் என்பது பாட்டு, ஆட்டம், துணுக்கு, வித்தை எல்லாம் கலந்த மேடை நிகழ்ச்சி. பேசும் படமும் ரேடியோவும் வந்ததும் அந்த அரங்குகளெல்லாம் காலியாகிவிட்டன. ஹோப் நிஜமாகவே அங்கிருந்து வந்தவர். லண்டனை ஒட்டிய எல்தாமில் 1903-இல் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்கு, க்ளீவ்லண்டுக்கு, வந்துசேர்ந்த கல்தச்சரின் பிள்ளை. கொஞ்ச நாள் குத்துச்சண்டைகூடப் போட்டிருக்கிறார். காலி நாற்காலிகளைப் பார்த்து ஜோக் சொல்லிப் பழகிய ஆள் சொல்வதால் அந்த வசனத்துக்கு ஒரு ருசி.

அவளே இன்னொன்றும் கேட்பாள்: செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறாயா? “ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள் மாதிரியா?” என்பான். இன்றைக்குப் பார்ப்பவர்கள் இதைச் சும்மா ஒரு கட்சி நக்கல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் அந்தக் கட்சிக்கு இரண்டே மாநிலங்கள்தான் கிடைத்தன. கதை முடிந்தது என்றார்கள். 1938 இடைக்காலத் தேர்தலில் கீழ்ச்சபையில் சுமார் 80 இடங்களைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் படம் வருகிறது. எப்படி இருந்திருக்கும் தியேட்டர் என்று யோசித்துப் பார்! ஹோப் 1938-இலிருந்து பெப்சோடென்ட் பற்பசைக்காரர்களின் ரேடியோ நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அன்றைய செய்தியை அன்றைக்கே கிண்டல் செய்வதுதான் அங்கே அவர் பிழைப்பு. அந்தப் பழக்கத்தைப் பேய் வீட்டுக்குள்ளும் கூட்டிவந்துவிட்டார்.

படம் ஓடவே, மறு வருஷமே, ஜாய்ஸாக நடித்த அதே பாலட் காடர்டை ஜோடியாக வைத்து ‘தி கோஸ்ட் ப்ரேக்கர்ஸ்’ எடுத்தார்கள். (காடர்ட் அப்போது சாப்ளினின் மனைவி. ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் வெறுங்காலோடு ஓடுவாளே, அந்தப் பெண்தான்.) இதில் க்யூபாவில் ஒரு கோட்டை. ஸோம்பி என்றால் சொந்தப் புத்தி கிடையாது, கண் தெரியாதவன்போலச் சொன்னபடி நடப்பான், என்ன செய்கிறோம் என்றே தெரியாது என்று ஒருவர் விளக்க, “டெமாக்ரட்காரர்கள் மாதிரியா?” என்பார் ஹோப். போன வருஷக் கணக்கு நேராகிவிட்டது. படம் விறுவிறுப்பில் முதல் படத்தை மிஞ்சும். ஆனால் வேலைக்காரனாக வரும் வில்லி பெஸ்ட்டின் நிறத்தை வைத்து அடிக்கும் ஜோக்குகளை இன்றைக்குப் பார்க்க முடியவில்லை. அத்தனை நேரக்கணக்கோடு நடிக்கத் தெரிந்த ஒரு கறுப்பின நடிகருக்கு ஹாலிவுட் கொடுத்ததெல்லாம் முழி பிதுங்கும் வேலைக்காரன் வேஷம்தான். பேத்தியோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் இதைத் தள்ளிவிடு.

1947-இல் ‘மை ஃபேவரிட் ப்ரூனெட்’. குழந்தைகளைப் படம்பிடிக்கும் போட்டோகிராபர், பக்கத்து அறைத் துப்பறிவாளரைப் பார்த்து ஆசைப்பட்டு, அவர் இல்லாத நேரத்தில் ஒரு கேஸை ஏற்றுக்கொண்டு மாட்டிக்கொள்கிறான். மரண தண்டனைக் கொட்டடியில் உட்கார்ந்தபடிதான் கதையையே சொல்கிறான். தண்டனையை நிறைவேற்ற வந்து, அது ரத்தானதும் வேலை போச்சே என்று எரிச்சலோடு போகிறவராக, ஒரு நிமிடம், ஹோப்போடு பல படங்களில் சேர்ந்து நடித்த பாடகர் பிங் க்ராஸ்பி! தனியார் துப்பறிவாளர் படங்களின் பாவனைகளை ஒன்றுவிடாமல் கேலி செய்கிறது. இருந்தாலும் எனக்கு 1939 ஹோப்தான் ஒசத்தி. பின்னாளில் அவர் வீண் ஜம்பக்காரனாகிவிட்டார், பயம் ஒரு வேஷமாகிவிட்டது. வாலியின் பயம் அப்படி இல்லை. தனக்கு உதறும்போதெல்லாம் ஜோக் அடித்துத் தனக்குத் தானே தைரியம் ஏற்றிக்கொள்வதாக அவனே சொல்லுவான். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்த இருட்டு வழிக்குள் போவான். துணிச்சல்காரத் துப்பறிவாளன் ஒருவன் இந்த வீட்டுக்குள் போயிருந்தால் நமக்கு என்ன கவலை? அவன் பார்த்துக்கொள்வான் என்று கொட்டாவி விட்டிருப்போம்.

அப்புறம் ஹோப்புக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிப்பாய்களுக்காக முகாம் முகாமாகப் போனார், 19 முறை ஆஸ்கர் மேடையை நடத்தினார், பெரிய பணக்காரரானார். டெலிவிஷனில் யாரோ எழுதித் தந்த ஜோக்கை அட்டையைப் பார்த்துப் படிக்கிற ஆளாகிவிட்டார் என்பது என் வருத்தம். வியட்நாம் போரை ஆதரித்ததால் இளைஞர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. 1970-இல் லண்டனில் உலக அழகிப் போட்டி மேடையில் பெண்ணுரிமைக்காரர்கள் மாவுப் பொட்டலங்களை வீசியபோது அவர் நைசாக நழுவப் பார்த்தாராம். வாலி கேம்பெல்லாக இருந்தால் அதற்கு நல்ல ஒரு ஜோக்காவது சொல்லியிருப்பான். ஆனால் அந்தக் காலத்திலேயே இளைஞராக இருந்த காமெடிப் பட டைரக்டர் வுடி ஆலன், தன் கோழைக் கதாபாத்திரங்களை ஹோப்பிடமிருந்துதான் எடுத்ததாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நூறு வயதைத் தொட்டுவிட்டு 2003-இல் போய்ச் சேர்ந்தார் மனிதர்.

முதலில் ‘தி கேட் அண்ட் த கேனரி’யைப் பார். விளக்கை அணைத்துவிட்டுப் பார், மருமகளையும் கூப்பிடு. ‘ப்ரூனெட்’ காப்புரிமை காலாவதியான படம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதை வேறொரு நாள் வைத்துக்கொள். ‘கேனரி’யில் அந்தக் கையை நீட்டும் முகமூடிக்காரன் யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. கௌரி பாதிப் படத்திலேயே சரியாகச் சொல்லிவிட்டாள், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீ யாரைச் சந்தேகப்பட்டாய் என்று மறைக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
வைத்தி